ஒன்பது நாளாக எடுக்காத இறால்

இடுக்கி நுனியில் ஒரு துண்டு இறால், அதற்குக் கீழே மணல், மணலுக்குள் அது. மூணு மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி உட்கார்ந்தேன். இப்போது மூணு இருபத்தைந்து. தோள்பட்டை மரத்துப்போச்சு, மணிக்கட்டு வரைக்கும் உப்புத்தண்ணீரில் ஊறி விரல் நுனியெல்லாம் சுருங்கிவிட்டது, அது மட்டும் அசையவில்லை. கண் இரண்டும் மணலுக்கு மேலே நிற்கின்றன. கண்ணுக்குப் பின்னால் இரண்டு ஓட்டை, அவை திறந்து மூடுகின்றன, அதை வைத்துத்தான் உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொள்கிறேன். ஓட்டை திறந்தால் நானும் மூச்சு விடுகிறேன், மூடினால் நிறுத்துகிறேன். இது பைத்தியக்காரத்தனம், ஆனால் இருபத்தைந்து நிமிஷமாக வேறு என்ன செய்வது. இன்றைக்கு ஒன்பதாவது நாள். திருக்கை பத்து நாள் சாப்பிடாவிட்டால் வாலுக்கு இரண்டு பக்கமும் சதை உள்ளே போய் எலும்பு தெரியும், அதற்கப்புறம் வாயில் ஊட்டினாலும் எடுக்காது என்று சேவியர் அண்ணன் சொல்லியிருக்கிறார். கொளத்தூரில் வளர்ப்பு மீன்கடை வைத்திருக்கிறவர், இதை எனக்குக் கொடுத்தவர். நேற்று அது கண்ணாடியோரமாக ஒரு தடவை நீந்திப் போனபோது பார்த்தேன். வாலுக்கு இடது பக்கம் ஒரு கோடு. எலும்பா நிழலா என்று தெரியவில்லை. எலும்புதான். நிழல் என்றால் அது திரும்பினதும் போயிருக்கும். போகவில்லை. எடு. எடேன். உனக்காக ஓடு உரித்து, குடல் நூலை இழுத்துப் போட்டு, மூக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இதுக்கு மேல என்ன வேணும் உனக்கு.

இதற்குப் பெயர் வைக்கவில்லை. அளவு ஒரு ஊத்தப்பம். உடம்பெல்லாம் நீலப் புள்ளி, வால் அதன் உடம்பைவிட நீளம், வாலின் நடுவில் முள். கடையில் மூணு இருந்தன. நான் போன முதல் நாளே வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று நினைத்தேன், எனக்கு எதற்கும் காத்திருக்கத் தெரியாது, ஆனால் சேவியர் அண்ணன் தரவில்லை. "இன்னிக்குப் பாத்துட்டுப் போ. நாளைக்கு வா. நாளன்னைக்கும் வா. தீனி போடற நேரத்துக்கு வா. மூணு நாளும் எது சாப்பிடுதோ அதைச் சொல்லு, தரேன்." "ஏண்ணா, அழகா இருக்கறத எடுத்துக்கக் கூடாதா?" "அழகா இருக்கறது அழகாவே சாவும்மா." அப்படித்தான் பேசுவார். மூணு நாள் போனேன். ஒன்று மூலையிலேயே கிடந்தது. இன்னொன்று கண்ணாடியில் ஏறி ஏறி வயிற்றைக் காட்டிக்கொண்டிருந்தது, கீழே வாய் இருக்கிற இடம் சிரிக்கிற மாதிரி இருக்கும், வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் போட்டோ எடுத்தார்கள். ஆனால் அதற்கு ஓரமெல்லாம் சிவந்திருந்தது, தரை சொரசொரப்பாக இருந்து உரசினால் அப்படி ஆகும். மூணாவதுதான் இது. இறால் தண்ணீரில் விழுந்ததும் மணலை உதறிவிட்டு வந்து, மற்ற இரண்டையும் தள்ளிவிட்டு, அப்படியே மேலே படுத்து மூடிக்கொண்டு தின்றது. மூணு நாளும் தின்றது. முதுகைப் பார்த்தேன், வால் ஆரம்பிக்கிற இடம் இரண்டு பக்கமும் மொழுமொழு என்று இருந்தது. "இதுதான்" என்றேன். சேவியர் அண்ணன் தலையாட்டினார். பள்ளிக்கூடத்தில் பதினோரு வருஷத்தில் யாரும் என்னைப் பார்த்து அப்படித் தலையாட்டினதில்லை. அதனால் கடையிலேயே மீனுக்கு நோய் இருந்தது என்று சொல்லி நான் தப்பிக்க முடியாது. நல்ல மீனைத்தான் கொடுத்தார். நல்ல மீனைத்தான் நான் எடுத்தேன். வீட்டுக்கு வந்தும் ஏழு நாள் தின்றது. எட்டாவது நாளிலிருந்துதான். எட்டாவது நாள். அதை இப்போது யோசிக்க வேண்டாம்.

கையை மாற்றிக்கொள்கிறேன். இடது கையில் இடுக்கி நடுங்குகிறது, நடுங்கினால் இறால் உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கும், ஒருவேளை அது நல்லதுதான். தொட்டி ஆறடி நீளம், அகலம் இரண்டரை. திருக்கைக்கு உயரம் வேண்டாம், தரைதான் வேண்டும். அப்பாவுக்குத் தெரிந்த ஒரு ஓட்டலை மூடினபோது, வாசலில் நண்டு போட்டு வைத்திருந்த தொட்டி இது, ஆட்டோவில் ஏறாமல் மூணு சக்கர மீன்பாடி வண்டியில் கொண்டுவந்தோம். மணல் பொடிமணல், நானே ஒன்பது தடவை கழுவினேன், கல் இல்லை, பவளத்துண்டு இல்லை. ஹீட்டருக்குக் கூடு போட்டிருக்கிறேன், அது மேலே படுத்துச் சுட்டுக்கொள்ளக் கூடாது என்று. விளக்கு மங்கலாகத்தான் இருக்கிறது. எல்லாம் சரியாகச் செய்திருக்கிறேன். எல்லாம் என்றால் எல்லாம் இல்லை. மேல்வீட்டில் டைல்ஸ் உடைக்கிறார்கள், அந்தச் சத்தத்தில் பயந்திருக்கும். இல்லை, டைல்ஸ் உடைப்பது திங்கள்கிழமையிலிருந்துதான். மோட்டாரில் மின்சாரம் கசிந்திருக்கலாம். டெஸ்டர் வைத்துப் பார்த்தேன், இல்லை. இறால் பழசு என்றால், நேற்று உயிர் நண்டுக்குஞ்சு போட்டேன், நண்டுக்குஞ்சு இதன் முதுகு மேலேயே ஏறிப் போச்சு, அது கண்டுகொள்ளவில்லை. அந்த நண்டும் காலையில் செத்துக் கிடந்தது. அதை எடுத்து டாய்லெட்டில் போட்டுவிட்டேன், யாருக்கும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? யாரும் கேட்கவில்லை. பொய். கேட்டால் பதில் சொல்லவேண்டி வரும் என்றுதான் ஃபிளஷை இரண்டு தடவை இழுத்தேன்.

"மோனி, அரை மணி நேரமா ஒரே எடத்துல ஒக்காந்திருக்க, ஒடம்பு கிடம்பு சரியில்லையா?" அம்மா கதவில் சாய்ந்துகொண்டு கேட்கிறாள், கையில் முருங்கைக்கீரைக் கட்டு. "ஸ்கூல்ல ஒக்கார வெக்க முடியல, மீனு ஒக்கார வெச்சிருச்சு பாரு." "ம்மா, நீ போ, சத்தம் போட்டா வராது." "நான் சத்தம் போடாட்டியும்தான் வரல." அம்மாவுக்கு இதெல்லாம் சிரிப்பு. ஆனால் காலையில் சாமி படத்துக்கு முன்னால் நின்று இதற்கும் சேர்த்து ஏதோ முணுமுணுத்தாள், கேட்டது எனக்கு. ப்ளஸ் ஒன் பாதியில் நான் நின்றபோது அப்பா ஒரு மாதம் பேசவில்லை, அம்மா ஒரு நாள் அழுதுவிட்டு அப்புறம் சகஜமாகிவிட்டாள். என்ன காரணம் என்று எல்லோரும் கேட்டார்கள், பையன் விஷயமா, டீச்சர் அடித்தார்களா, அது இது. ஒன்றும் இல்லை. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. அவ்வளவுதான் காரணம், ஆனால் அதைச் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள், பெரிசாக ஏதாவது இருந்தால்தான் நம்புவார்கள். சேவியர் அண்ணன் மட்டும் கேட்கவேயில்லை. நன்னீர்த் தொட்டி கழுவ மூணு வீட்டுக்கு அனுப்பினார், போனேன். "உப்புத்தண்ணித் தொட்டி வேற மாதிரி, அவசரக்காரங்களுக்கு ஆவாது. ஒரு திருக்கைய ஆறு மாசம் வெச்சுக் காட்டு, அப்புறம் அனுப்பறேன்" என்றார். ஆறு மாசம் கேட்டார். பதினாறு நாள் ஆகியிருக்கிறது.

"தண்ணி மாத்தணுமா? அண்டாவுல புடிச்சு வெக்கட்டா?" அம்மா போகிற போக்கில் கேட்கிறாள். "வேணாம்." "ஏன், முன்னாடி அதுலதானே கலக்கின?" "வேணாம்னு சொல்றேன்ல." குரல் ஏறிவிட்டது. தண்ணீரில் இடுக்கி அடித்து மணல் கலங்குகிறது. அம்மா கீரைக் கட்டோடு உள்ளே போகிறாள். இப்போது இறாலே தெரியவில்லை, கலங்கல் அடங்கணும். அடங்குகிறவரைக்கும் கண்ணை மூடிக்கொள்கிறேன். மூடினால் அண்டாதான் தெரிகிறது. கண்ணைத் திறக்கிறேன், அப்போதும் தெரிகிறது. சரி. தெரியட்டும். பரண் மேலே இருந்த செப்பு அண்டா. அம்மாவின் கல்யாணத்துக்கு அவர்கள் வீட்டில் கொடுத்தது, கழுத்தில் புள்ளி புள்ளியாக "கோ. சுந்தரவல்லி" என்று பெயர் வெட்டியிருக்கும். தொட்டிக்கு முதல் தண்ணீர் சேவியர் அண்ணன் கேனில் அனுப்பின கடல்தண்ணீர், அதில் பிரச்சினை இல்லை. அப்புறம் அவ்வப்போது கொஞ்சம் எடுத்துவிட்டுப் புதுசு ஊற்றவேண்டும், அதற்கு உப்பு கலந்து ஒரு ராத்திரி முழுக்கக் காற்று விட்டு வைக்கவேண்டும், பெரிய பாத்திரம் வேண்டும். வீட்டில் இருக்கிற ஒரே டிரம்மில் குடிதண்ணீர். லாரி எப்போது வரும் என்று தெரியாது, அதைக் காலி பண்ணு என்று சொன்னால் அம்மா என்னைக் காலி பண்ணிவிடுவாள். அதனால் அவளே பரணிலிருந்து அண்டாவை இறக்கிக் கொடுத்தாள். கறுத்துக் கிடந்தது. உட்கார்ந்து புளி போட்டுத் தேய்த்தாள், உள்ளேயும் வெளியேயும், அரை மணி நேரம், உள்ளே பார்த்தால் முகம் தெரிந்தது. "செம்புல வெச்ச தண்ணி ஒடம்புக்கு அவ்ளோ நல்லது, ஒன் மீனுக்கும் நல்லதுதான்" என்றாள். வந்த அஞ்சாவது நாள் ஒரு அண்டா ஊற்றினேன். ஏழாவது நாள் இன்னொன்று. அந்த இரண்டாவது அண்டாவை மொண்டு முடித்தபோது, தண்ணீர் நின்ற மட்டத்தில் சுற்றிப் பச்சையாக ஒரு கோடு இருந்தது. கட்டைவிரலால் துடைத்தேன். விரலில் ஒட்டியது. சுவரில் தேய்த்துவிட்டேன்.

அந்த வாரம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. ஆறு. திருக்கை தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஓடு முழுசாக இருந்தது, உள்ளே சதை இருந்தது, ஆனாலும் தின்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன், ஒருத்தி ஒரு விஷயத்தை நினைக்கக் கூடாது என்று முடிவு பண்ணிவிட்டால் எவ்வளவு முட்டாளாக முடியும் என்று எனக்கு இப்போது தெரியும். சேவியர் அண்ணன் முதல் நாளே சொன்னார். "வெள்ளைப்புள்ளி நோய் மருந்து எதையும் ஊத்திடாத, அதுல செம்பு இருக்கும், திருக்கைக்கு செம்பு ஒரு சொட்டும் ஆகாது." நான் மருந்தை மட்டும் கேட்டுக்கொண்டேன். செம்பு என்றால் பாட்டிலில் நீலமாக இருக்கிற மருந்து, அண்டா என்றால் அம்மாவின் அண்டா. இரண்டும் ஒன்று என்று புதன்கிழமை பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. அப்படியே நுரையோடு நின்றேன். அன்றிலிருந்து பிளாஸ்டிக் வாளியில் கலக்கி ஊற்றுகிறேன், பழைய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கிறேன், வாளியில் எவ்வளவு ஆகும், ஆறடித் தொட்டி இது. செம்பை இழுக்கிற கரி இருக்கிறது, கடையில் கிடைக்கும். எந்தக் கடையில்? அவர் கடையில். வேறு கடையிலும் கிடைக்கும், ஆனால் வியாழக்கிழமை அவரே போன் பண்ணிவிட்டார். "சாப்பிடுதா?" "கொஞ்சம் மந்தமா இருக்குண்ணா." "உப்பு எதுல கலக்கற?" ஒரு நொடிகூட ஆகவில்லை. "டிரம்லதாண்ணா." "பிளாஸ்டிக்தானே?" "ஆமாண்ணா, நீல டிரம்." நிறம்கூடச் சொன்னேன். யாரும் நிறம் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தை விட்டதைப் பற்றிக்கூட நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை, கேட்டவர்கள் எல்லோருக்கும் நேராகத்தான் பதில் சொன்னேன், திட்டினாலும் சரி என்று. இதற்கு மட்டும் ஏன்? அவர் தலையாட்டினாரே, அதனால். அந்தத் தலையாட்டலை அவர் திரும்ப எடுத்துக்கொள்வார், அதனால். வேறு காரணம் எவ்வளவு தேடினாலும் இல்லை.

மூணு ஐம்பது. கலங்கல் அடங்கிவிட்டது. இறால் அங்கேயே இருக்கிறது. அது கொஞ்சம் எழுந்தது. ஓரம் மடங்கி மணல் சரிந்தது, இடுக்கியை இன்னும் கிட்டே நீட்டினேன். எழுந்தது இறாலுக்காக இல்லை. அப்படியே பின்னால் நகர்ந்து இறாலிலிருந்து தள்ளிப் போய்ப் படுத்துக்கொண்டது, இந்தத் தடவை மணலைப் போட்டு மூடிக்கொள்ளக்கூட இல்லை. இப்போது இரண்டு பக்கமும் தெரிகிறது. இடது பக்கம் கோடு, வலது பக்கமும் கோடு. ஓட்டைகள் திறந்து மூடுவது வேகமாகிவிட்டது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு குரல் சொல்கிறது, என் குரல்தான், இன்னும் இரண்டு வாளி மாற்று, நாளைக்குச் சாப்பிட்டாலும் சாப்பிடும், யாருக்கும் தெரியவேண்டியதில்லை. செத்தால்கூட யாருக்கும் தெரியாது. திருக்கை வளர்க்கிறவர்களுக்கு முதல் திருக்கை சாகிறது சகஜம், அவரே சொல்லியிருக்கிறார், "போச்சா, சரி, பரவால்ல, அடுத்தது எடுத்துக்க வா" என்பார். அது செத்தால் நான் தப்பித்துவிடுவேன். அது பிழைக்கணும் என்றால்தான் நான் மாட்டிக்கொள்ளணும். இவ்வளவுதான் கணக்கு. இதைக் கண்டுபிடிக்க ஐம்பது நிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறேன். இடுக்கியைத் தொட்டி மேலேயே வைத்துவிட்டு, ஈரக் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"அண்ணா, மோனிஷா." "சொல்லும்மா." "நீல டிரம் இல்லண்ணா. செப்பு அண்டாவுல கலக்கினேன். ரெண்டு தடவை." திட்டுவார் என்று காதைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டேன். "ராத்திரி பூரா அதுலயா?" "ஆமா." "தேய்ச்சியா, அப்படியேவா?" "புளி போட்டுத் தேய்ச்சு." "சரி. எப்பத் தெரியும் ஒனக்கு?" இங்கேதான் இன்னொரு பொய்க்கு இடம் இருந்தது, கதவைத் திறந்து வைத்த மாதிரி இருந்தது. "புதன்கிழமை. நீங்க போன் பண்றதுக்கு முந்தின நாள்." "ம்." அந்த ம்மில் என்ன இருந்தது என்று இப்போதும் தெரியவில்லை. "வலை போடாத, முள்ளு மாட்டிக்கும். பெரிய பிளாஸ்டிக் டப்பைத் தண்ணிக்குள்ள எறக்கி, மீனை உள்ள ஓட்டு. அந்தத் தண்ணியோடயே எடுத்துட்டு வா, டக்குனு மாத்தினா அதுவே கொன்னுடும், இங்க நான் பாத்துக்கறேன். வால் பக்கம் கை போகக் கூடாது." "சரிண்ணா. பொழைக்குமா?" "தெரியாது. பொழைச்சாலும் திருப்பித் தர மாட்டேன்." "சரிண்ணா." வைத்துவிட்டார். வேலையைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்கிற மாதிரியும் இல்லை.

திரும்பினால் அம்மா நிற்கிறாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. "அண்டாவா?" என்கிறாள். "நான் புளி போட்டுல்லடீ தேய்ச்சேன், நல்லா இருக்கட்டும்னு." முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆமாம், தேய்த்ததால்தான் செம்பு அதிகம் தண்ணீரில் இறங்கியிருக்கும், இது உண்மை, நான் உண்மையை அப்படியே சொல்கிறவள், வாய் வரைக்கும் வந்தது. "செம்பு ஆகாதுன்னு எங்கிட்டதான் சொன்னாங்க, ஒங்கிட்ட சொல்லல" என்றேன். அதுவும் உண்மைதான். அவள் கீரையைக் கீழே வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு துணி ஊறவைக்கிற டப்பைக் கொண்டுவந்தாள். "சோப்பு போவக் கழுவும்மா." "தெரியும், கழுவிட்டேன்." டப்பைத் தொட்டிக்குள் சாய்த்து இறக்கினேன். ஒரு பிளாஸ்டிக் அட்டையை வைத்துப் பின்னாலிருந்து தள்ளினேன். எனக்கு அந்த முள்ளைக் கண்டால் பயம், இதுவரைக்கும் அதை யாரிடமும் சொன்னதில்லை, குத்தினால் சுடுதண்ணீரில் காலையோ கையையோ வைத்துக்கொண்டு கத்தவேண்டியதுதான் என்பார்கள். வால் நிமிர்ந்தது. என் கைக்கு ஒரு சாண் தள்ளி. குத்துடீ, குத்திட்டாவது உள்ள போ. குத்தவில்லை. குத்துகிற தெம்பே இல்லை அதற்கு. வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு, துணி நழுவுகிற மாதிரி டப்புக்குள் போய் விழுந்தது. அதுதான் எனக்கு இந்த ஒன்பது நாளில் ரொம்பப் பயமாக இருந்த இடம். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் அம்மா, படியில் தண்ணீர் தளும்பத் தளும்ப இறக்கினோம்.

ஆட்டோவில் டப்பைக் காலுக்கு நடுவே வைத்துக்கொண்டு மூடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்திருக்கிறேன், காற்று வேண்டும். அம்மா மறு பக்கம் பிடித்திருக்கிறாள், அவள் புடவை முழங்கால் வரை நனைந்துவிட்டது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் உப்புத்தண்ணீர் என் கால் விரலில் விழுகிறது. ஓட்டை திறக்கிறது, மூடுகிறது. இவ்வளவு வேகமாக மூடக் கூடாது. தாதாங்குப்பம் சிக்னலில் வண்டி நிற்கிறது, நிற்கிற நேரம் எல்லாம் இதன் உயிரிலிருந்து போகிற நேரம்தான். டிரைவர் கண்ணாடியில் பார்க்கிறார். "இன்னா பாப்பா, உள்ள பாம்பா? வாலு தெரியுது." "திருக்கைண்ணா." "அடிசக்க. கொழம்புக்கா? புள்ள பெத்தவங்களுக்குக் குடுப்பாங்க, பால் ஊறும்." "கொழம்புக்கு இல்லண்ணா. ஒடம்பு சரியில்ல இதுக்கு." அவர் சிரிக்கப் போனார், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை. திரும்பி உட்கார்ந்து மூடி இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தார். "புள்ளியெல்லாம் கலரா கீது. உயிரு இருக்குதா?" "இருக்கு." "யாருது, உன்துதா?" அம்மா என்னைப் பார்க்கிறாள். ஆமாம் என்று சொன்னால் என்ன ஆகிவிடப் போகிறது, இவர் யாரோ, இறங்கினால் முடிந்தது. "கடைக்காரருது" என்றேன். "பச்சை விழுந்துடுச்சு, போங்கண்ணா."